நான்காவது அடி

இப்போது இடப்பக்கம் உருண்டால் பிழைத்துவிடுவேன். உருளக் கூடாது. இல்லை, உருள வேண்டும், ஆனால் ஒரு நொடி முந்தி. பயந்தவள் உருளுகிற மாதிரி. அப்போதுதான் செல்வாவுக்குச் சந்தேகம் வராது.

பானுப்பிரியா பொத்தானை அமுக்கினாள். டிவி திரையில் அவளுடைய ஈட்டிக்காரி உருண்டு எழுந்தாள். எழுந்து நின்றவளின் தலைமேல் ராட்சசனின் சம்மட்டி சாவகாசமாக இறங்கியது.

"யக்கா, இன்னாக்கா நீ." ஹெட்செட்டில் தம்பி செல்வாவின் குரல் காதைக் குடைந்தது. "சம்மட்டிய தூக்குனவுடனே உருண்டா எப்டி? நாலாவது அடி லேட்டாத்தான் வரும்னு எத்தினி வாட்டி சொல்லிகினு கீறேன்."

"கை அவசரப்பட்டுச்சு நைனா."

"உன் கைக்கு இன்னா அவசரம், டிரெயினா புடிக்கணும்? இரு, நான் தனியா பாக்கறேன். தோ, பொயச்சேன். உத்தமன் திரும்பறான். திரும்பிட்டான். போச்சு."

திரை கறுத்தது. மறுபடி தொடங்கவா என்று எழுத்துகள் வந்து நின்றன.

அந்த ராட்சசனுக்கு விளையாட்டில் வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. உத்தமன் என்பது செல்வா வைத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பானுப்பிரியா வேலை பார்க்கும், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் பட்டறையின் சூப்பர்வைசர் பெயர் அது. கழுத்தே இல்லாத தோள் இரண்டு பேருக்கும் ஒன்றுபோல இருக்கும். அதைவிட, உத்தமன் மூன்று வசவை வேகமாக விட்டுவிட்டு நகர்ந்துபோவார். போய்விட்டார் என்று மூச்சு விடும்போது திரும்பி வந்து நான்காவதாக ஒன்று சொல்வார். அதுதான் வலிக்கும். ராட்சசனின் சம்மட்டியும் அப்படித்தான் வந்தது. மூன்று அடி மளமளவென்று, பிறகு ஓங்கிய கை ஓங்கியபடியே நிற்கும். பயந்து முன்கூட்டி உருண்டவர்களைத் தேடிக்கொண்டு நான்காவது இறங்கும்.

வெற்றிச்செல்வன் புனேவுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. போகும்போது பழைய வீடியோ கேம் பெட்டியை அண்ணனூரில், ரயில் பணிமனைக்குப் பின்னால் அவள் இருக்கும் ஒற்றை அறை வீட்டிலேயே விட்டுப்போனான். அங்கே தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி என்று அவன்தான் நேரம் வைத்தான். முதல் மாதம் முழுக்கத் திரையில் எது தன் ஆள் என்றே அவளுக்குத் தெரியவில்லை. செல்வாவின் ஆளை ஆட்டுவதாக நினைத்துக்கொண்டு தன் ஆளைச் சுவரில் முட்டவிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது இந்தக் கோட்டை விளையாட்டைத் தொடங்கி எட்டு மாதம். இரண்டு பேரும் சேர்ந்து ஏறினால்தான் கதவு திறக்கும். ஏறி ஏறி உச்சிக்கு வந்தாயிற்று. மிச்சமிருப்பது கடைசி பாஸ், இந்த ராட்சசன், மட்டும்தான். அவனைத் தாண்ட முடியாமல் இது ஆறாவது ஞாயிறு.

வார நாட்களிலும் போன் செய்வான். சாப்ட்டியா, மாத்திரை போட்டியா, வேற என்னக்கா. மூன்று கேள்வி. வேறு என்ன என்று அவளும் யோசிப்பாள். பட்டறை, பஸ், இந்த அறை. சொல்லத் தகுந்ததாக ஒன்றும் தோன்றாது. அலுவலகத்தில் பேசிப் பேசி அவன் தமிழே இஸ்திரி போட்டதுபோல் ஆகிவிட்டிருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, ராட்சசன் எழுந்து நின்றவுடன், இஸ்திரி கலைந்துவிடும். யக்கா பின்னாடி, யக்கா ஓடு, அய்ய அவன் மூஞ்சிய பாரேன். அம்மா செத்துப்போன வருடம் எட்டாவது படித்துக்கொண்டிருந்த அதே பையன், அவள் காதுக்குள் ஒரு மணி நேரம் கத்துவான். வாரத்துக்கு அந்த ஒரு மணி நேரம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

ஆறு வாரத்துக்கு முன் அவன் சொன்னான்: "இது முடிஞ்சதும் பெட்டிய கட்டி பரண்ல போட்டுடுவேன்க்கா. அந்த ரூம்தான் பாப்பாவுக்குன்னு நிவேதிதா பிளான் போட்டுட்டா. ஜூலைல டெலிவரி டேட்டு."

பின்னால் அவன் மனைவி நிவேதிதாவின் குரல் சிரித்தது. "நான் ஒண்ணும் விரட்டலக்கா, முடிச்சிட்டே கட்டட்டும்."

பானுப்பிரியா உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். மறுநாள் பட்டறையில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாள். செல்வா எதையும் பாதியில் விடுகிறவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் துண்டுகளைச் சேர்க்கும் படப்புதிர் ஒன்றில் ஒரு துண்டு காணாமல் போக, அட்டையை வெட்டி வர்ணம் பூசிச் செருகிவிட்டுத்தான் சோற்றுக்கு வந்தான். முடிக்காமல் கட்ட மாட்டான். முடித்தால் கட்டிவிடுவான். அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவள் தோற்றது நிஜத் தோல்விதான். ராட்சசனை எப்படி வீழ்த்துவது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

தெரிந்துகொண்டது இந்த வியாழக்கிழமை.

அன்று எஸ்டேட்டில் மின்வாரியப் பராமரிப்பு. பட்டறைக்கு விடுமுறை. துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் பதினோரு மணிக்குத் தனியாக உட்கார்ந்தாள். விளையாட்டில் பயிற்சிக் களம் என்று ஓர் இடம் உண்டு. முன்பு சந்தித்த எந்த எதிரியோடும் தனியாக மோதிப் பார்க்கலாம். ஜெயித்தாலும் கணக்கில் வராது. வாரம் முழுக்க வேலை முடிந்து வந்து அங்கேதான் பழகிக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பது வருடமாக அவள் பிரஸ்ஸில் நிற்கிறாள். தகட்டை டை என்கிற அச்சில் வைத்து, கையை எடுத்து, இரண்டு பக்கமும் உள்ள பொத்தான்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இயந்திரம் இறங்கும். ஒரு கைகூட உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இறங்குவதற்கு முன்னால் கிளட்ச் 'டக்' என்று ஒரு சத்தம் தரும். புதிதாக வருகிற பெண்கள் மேலே தூக்கி நிற்கும் இரும்பைப் பார்த்தே பயப்படுவார்கள். பழகியவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. காது பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவு நாள் சம்மட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. சம்மட்டியைப் பார்ப்பதை விட்டாள். ராட்சசனின் இடுப்பில் ஒரு சங்கிலி தொங்கியது. நான்காவது அடி இறங்கும் முன் அது ஒரே ஒரு தடவை கிணுங்கியது. அந்தக் கிணுக்கத்தில் உருண்டாள். சம்மட்டி தரையில் புதைந்தது. அவள் உயிரோடு இருந்தாள்.

மற்றவையும் பின்னாலேயே வந்தன. எட்ட ஓடினால் சம்மட்டி எட்டிப் பிடிக்கும். ஒட்டிக்கொண்டு கால்களுக்கு நடுவே போய்விட்டால் அவனுக்கு இவள் தெரிவதில்லை. அங்கிருந்து இரண்டு குத்து, உடனே விலக வேண்டும். மூன்றாவது குத்துக்கு ஆசைப்படுவதில்தான் செல்வா ஒவ்வொரு தடவையும் சாகிறான். உயிர் ஏற்றும் மருந்தை ராட்சசன் உறுமும்போது குடிக்கக் கூடாது, சம்மட்டியை மண்ணிலிருந்து பிடுங்கும்போது குடிக்கலாம். பன்னிரண்டேகாலுக்கு ராட்சசன் முழங்காலிட்டு, பிறகு முகம் குப்புற விழுந்தான்.

"விழுந்துட்டான்," என்று சத்தமாகச் சொன்னாள். அறையில் யாரும் இல்லை. செல்வாவிடம் சொல்வதற்காகப் போனைக் கையில் எடுத்தாள். எடுத்த பிறகுதான் என்ன கண்டுபிடித்திருக்கிறோம் என்பது அவளுக்குப் புரிந்தது. போனைத் திரும்ப வைத்தாள். பணிமனைக்குள் ஒரு ரயில் நெடுக ஊதிக்கொண்டு நுழைந்தது. மறுபடியும் ஆடினாள். மறுபடியும் விழுந்தான். ஐந்து தடவை. பிறகு நிறுத்திவிட்டு, ஒரு தட்டையும் ஒரு டம்ளரையும் கழுவிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அங்கம்மாவிடம் மட்டும் சொன்னாள். பட்டறையில் அவளுக்கு அடுத்த இயந்திரம் முன்பு அங்கம்மாவுடையது. இப்போது அங்கே நிற்பதில்லை, பீஸ் எண்ணும் மேசையில் இருக்கிறாள். வலது கையில் இரண்டு விரல் கிடையாது.

"அந்தக் கடைசி ஆள நேத்து சாச்சிட்டேன்."

"யாரு, உத்தமனையா?" அங்கம்மா சுற்றிலும் பார்த்தாள். "தோ நிக்கிறாரே, டீ குடிச்சிகினு."

"டிவி உத்தமன்."

"ஜெயிச்சதுக்கு இன்னா குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கல. பிராக்டீஸ்தான. கொஞ்ச நேரம் படுத்துக் கெடந்துட்டு, திரும்ப எழுந்து நிக்கிறான்."

"அப்போ அவன் நம்ம உத்தமனேதான்." அங்கம்மா மீன் முள்ளைப் பிரித்தபடியே சிரித்தாள். "தம்பிகிட்ட சொன்னியா?"

"சொல்லல."

"ஏன், அவன்கிட்டதான மொதல்ல சொல்லுவே?"

பானுப்பிரியா டப்பாவை மூடினாள். அங்கம்மா அவள் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, இருந்த மூன்று விரலால் ஒரு துண்டு மீனை அவள் டப்பா மூடியில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்த விருந்தாளி கிளம்பக் கூடாதென்று குழந்தைகள் செருப்பை ஒளித்துவைக்கும். பெரியவர்கள் சிரித்துக்கொண்டே தேடி எடுத்துக் கொடுத்து அனுப்பிவைப்பார்கள். முப்பத்தேழு வயதில் அதைச் செய்தால் யாராவது சிரிப்பார்களா என்று அவள் நேற்று முழுக்க யோசித்திருந்தாள். அவனுடைய நேரத்தைத் திருடுகிறோமோ என்றும் யோசித்தாள். ஆமாம் என்றுதான் பட்டது. இருந்தும் இன்றைக்கு ஐந்து மணிக்கு ஹெட்செட்டை மாட்டி ஆடத் தொடங்கியதும், சங்கிலி கிணுங்குவதற்கு ஒரு நொடி முந்தி உருண்டாள்.

திரையில் எழுத்துகள் இன்னும் நின்றுகொண்டிருந்தன. செல்வா தொடங்கவில்லை.

"இன்னா நைனா, தூங்கிட்டியா?"

"இல்லக்கா. ஒரு நிமிஷம். உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

இஸ்திரித் தமிழ். ஹெட்செட்டை அவள் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீ பிராக்டீஸ் பண்ற நேரம் எனக்கு இங்க காட்டும்க்கா, தெரியுமா? இந்த வாரம் மட்டும் பதினாறு மணி நேரம். வேலைக்குப் போய் நின்னுட்டு வந்து, இதுல வேற உக்காந்து. பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

பதினாறு மணி நேரத்தைத்தான் பார்த்திருக்கிறான். அதில் ஐந்து தடவை என்ன நடந்தது என்பது அவனுக்குத் தெரியவில்லை.

"உன்ன நான் கஷ்டப்படுத்துறேன்க்கா. வயசானவங்களுக்கே இது கஷ்டம், ரிஃப்ளெக்ஸ் வராது."

"வயசானவங்களா. அடி வாங்கப் போறே."

"சாரி, சாரி." சிரித்தான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டான். "எங்க ஆபீஸ்ல ராகவன்னு ஒருத்தன் இருக்கான். இந்த பாஸ அவன் கண்ண மூடிக்கிட்டு அடிப்பான். உன் ஐடி, பாஸ்வேர்டு மட்டும் அனுப்பு. உனக்குப் பதிலா அவன் உள்ள வந்து ஆடுவான். அரை மணி நேரத்துல முடிஞ்சிரும். ஜெயிச்சவங்க பட்டியல்ல உன் பேருதான் வரும், அவன் பேரு வராது."

"என் பேரா?"

"ஆமாக்கா. உனக்கும் நிம்மதி. அப்புறம் நானும் இத கட்டி வெச்சிட்டு வேற வேலைய பார்க்கலாம். ரூம் பெயிண்ட் அடிக்க ஆள் வரான் அடுத்த வாரம்."

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான். அங்கம்மாவுக்கும் அப்படித்தான் ஆயிற்று. தோள்வலி என்று ஒரு நாள் அவள் முனகியதும், பக்கத்தில் நின்ற பெண் பாவப்பட்டு, "நீ தகடு வையிக்கா, ஒரு பொத்தான நான் அமுக்கறேன்" என்று வந்து நின்றாள். பத்து பீஸ் நன்றாகத்தான் போயிற்று. அந்தப் பெண் இன்றைக்கும் அங்கம்மாவைப் பார்த்தால் அழுகிறாள்.

அதெல்லாம் இல்லை என்று பானுப்பிரியா தனக்குள் சொல்லிக்கொண்டாள். இதில் யாருக்கும் விரல் போகப்போவதில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம். எழுந்திரு நைனா, மறுபடி தொடங்கு, இந்தத் தடவை சங்கிலியைக் கேள் என்று சொன்னால், இரண்டு பேருமாகப் பத்து நிமிடத்தில் வீழ்த்திவிடலாம். அவன் கத்துவான். அண்ணனூர் முழுக்கக் கேட்கிற மாதிரி யக்கா யக்கா என்று கத்துவான். கேட்க ஆசையாக இருந்தது. கத்தி முடித்த பிறகு, சரிக்கா, வைக்கட்டா என்பான்.

அந்தக் கத்தலை அவள் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்க விரும்பினாள். எத்தனை நாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அது நடக்கும்போது அந்த ஈட்டிக்காரிக்குள் இருப்பது ராகவனாக இருக்கக் கூடாது. அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"யக்கா? கேக்குதா? வாட்ஸப்புல அனுப்பினா போதும்."

"கேக்குது."

"அனுப்புறியா?"

கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் அதிலிருந்து எடுத்தாள். வெளியே ஐந்தே முக்கால் ஆவடி வண்டி போயிற்று. ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்கும்வரை காத்திருந்தாள்.

"வேணாம் நைனா."

"ஏன்க்கா? உனக்காகத்தான் சொல்றேன்."

"தெரியும். ரெண்டு பொத்தானையும் நானேதான் அமுக்கணும்."

"இது பிரஸ் மிஷின் இல்லக்கா." பிறகு கேட்டபோது குரலின் இஸ்திரி சற்றே கலைந்திருந்தது. "அப்போ எப்போதான்க்கா முடியும்? பெயிண்டர் வேற வரான். ஒரு பாஸ்வேர்டுதான கேக்கறேன், குடேன்."

திரையில் எழுத்துகள் மினுங்கிக்கொண்டே இருந்தன.

"குடுக்க மாட்டேன், செல்வா," என்றாள் பானுப்பிரியா.