நடுச்சுவருக்கு ஒரு பேர்

நர்ஸ் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை அம்மாவின் ஆள்காட்டி விரலிலிருந்து கழற்றி நடுவிரலில் மாட்டினாள். எண் வரவில்லை. மோதிர விரலுக்கு மாற்றினாள். அதிலும் வெறும் கோடுதான் மினுக்கியது.

"மெஷின் புதுசுங்க. நேத்துகூட நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் நர்ஸ்.

"மெஷின் மேல குத்தம் இல்ல சிஸ்டர். அது விரல் இல்ல, உப்புத்தாள்," என்றாள் கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அத்தை. "ஆஸ்பத்திரி லாண்டரியில கைரேகை மெஷின் எங்க அண்ணிய ஒரு நாள்கூட கண்டுபிடிச்சதில்ல. தினமும் சூப்பர்வைசர் வந்து 'இவங்க இவங்கதான்'னு சாட்சி சொல்லணும். காதுல மாட்டுங்க. காதுதான் மெத்துனு இருக்கும். நான் சொன்னது எதுவும் அதுல ஏறினதே இல்ல."

அம்மாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்க அவ்வளவுதான் தெம்பு மிச்சமிருந்தது.

காதில் எண் வந்தது. நர்ஸ் அதைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கிளிப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். வாசல் வரை வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னைக்கு யாரும் வெளிய போக வேண்டாம்," என்றாள். மகள் தலையாட்டினாள். திரும்பி உள்ளே வரும்போது நிலைக்கதவின் மேல்சட்டத்தில் அவள் கண் போனது. அங்கே எட்டு விரல் பதிந்த கறுப்புத் தடம். வேலைக்குப் போகும்முன் அம்மா தினமும் அந்தச் சட்டத்தைப் பிடித்துத் தொங்குவாள், விரலுக்கு வலு ஏற. அத்தைக்கு அங்கே கை எட்டாது. ஸ்டூல் போட்டுத்தான் தொங்குவாள். நெட்டை, குட்டை என்றால்தான் பாறைப் பக்கம் யாருக்கும் இந்த இரண்டு பேரையும் தெரியும்.

எல்லாம் ஒரு துண்டில் ஆரம்பித்தது. அம்மா கல்யாணமாகி வந்த புதிதில், கொடியில் காய்ந்த துண்டு காற்றில் பறந்து வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பாறையில் போய் ஒட்டிக்கொண்டதாம். பிஸ்கட் பாறை என்பார்கள் அதை. பிடித்தால் பிடித்த இடம் கையோடு வரும். "புதுப் பொண்ணுக்கு அதெல்லாம் ஏற வருமா?" என்று சீண்டியிருக்கிறாள் அத்தை. புதுப்பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறித் துண்டை எடுத்துத் தோளில் போட்டபடி இறங்கியிருக்கிறாள். மறுநாள் அத்தை வேறொரு பக்கமாக ஏறினாள். அன்றோடு விட்டிருந்தால் உருப்பட்டிருப்பார்கள் என்பது அக்கம்பக்கத்தாரின் கருத்து. விடவில்லை. துணி கட்டும் கயிற்றிலிருந்து நல்ல கயிற்றுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒருத்தி ஏறினாள், மற்றவள் கீழே நின்று கயிற்றைப் பிடித்தாள்.

ஒரு வழியில் முதலில் ஏறியவள் அதற்குப் பேர் வைக்கலாம். ஆனால் எதிராளியின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும், கண்டிப்பாக அவளைக் கிண்டல் செய்வதாக இருக்க வேண்டும். புகழ்ச்சிக்கு இடமே கிடையாது. மூடவே மூடாத ஓர் அகன்ற வெடிப்புக்கு அம்மா 'நாத்தனார் வாய்' என்று வைத்தாள். வாய் நிறையக் கல் விழும் வழிக்கு அத்தை 'அண்ணி சமையல்' என்று வைத்தாள். பாதி தூரம் ஆசை காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பும் வழி ஒன்று உண்டு. அதற்கு அம்மா வைத்தது 'ஓடிப்போன மாப்பிள்ளை.' கல்யாணமே செய்துகொள்ளாமல் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்த அத்தை அந்தப் பேரைக் கேட்டு ஒரு வாரம் பேசவில்லை. எட்டாவது நாள் 'அண்ணி குறட்டை'யோடு வந்தாள். மழையில் பாறை பெயர்ந்து விழுந்தால் பேரும் விழுந்துவிடும். புதிதாகத் தெரியும் முகத்தில் யார் முதலில் ஏறுகிறாளோ அவளுக்கு மறுபடி உரிமை. அதனால் அந்தச் சண்டைக்கு முடிவே இருந்ததில்லை.

மகள் படித்ததெல்லாம் அந்தப் பாறையடியில். மேலிருந்து "கல்லு!" என்று கத்துவார்கள். அவள் நிமிர்ந்து பார்க்காமல் பக்கத்திலிருக்கும் அலுமினியச் சட்டியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படிப்பாள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். சட்டித் தலையோடு வாங்கிய பட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட, "நீ போய் வீட்டைப் பாரு, சோத்தை வடி," என்று இரண்டு பேரும் அவளைக் கிளப்பியதில்லை. ரிசல்ட் வந்த நாளிலிருந்து அவளுக்கு 'ஆபீசர்' என்று பேர். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் அவளுடையது கழிவறைக்குப் பக்கத்து மேஜை என்று எத்தனை முறை சொன்னாலும் அந்தப் பேர் மாறவில்லை.

இப்போது பிரச்சினை நடுச்சுவர். பாறையின் நட்டநடுவில், இரண்டு பேருக்கும் வருஷக்கணக்கில் தண்ணி காட்டிய சுவர். உச்சியில் கடைசிப் பிடிக்கு முன்னால் பற்றிக்கொள்ள ஒன்றுமே கிடையாது. போன கோடையில், வயிற்றில் கட்டி என்று தெரியவருவதற்கு இரண்டு வாரம் முன்பு, அம்மா அங்கே கையை நீட்டினாள். எட்டியது. அத்தைக்கு ஒரு சாண் குறையும். எம்பித்தான் பிடிக்க வேண்டும். பிஸ்கட் பாறையில் எம்புவதற்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும்.

ஏறி இறங்கிய அம்மா பேர் சொல்லவில்லை. "அப்புறம் சொல்றேன்," என்றாள். அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் மருந்து, அப்புறம் இந்தக் கட்டில்.

"சொல்லிடுங்க அண்ணி," என்றாள் அத்தை, அம்மாவின் உதட்டை ஈரத்துணியால் ஒற்றியபடி. "ரொம்பக் கேவலமா ஏதோ வச்சிருக்கீங்க. அதான் மூடி மூடி வைக்கிறீங்க. என் பல்லைப் பத்தியா?"

அம்மா இல்லை என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தாள்.

"அப்ப என் வேனைப் பத்தி."

மறுபடி இல்லை.

"கல் நெஞ்சு," என்று சொல்லிவிட்டு அத்தை வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போனாள். அப்பா கூடத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். எலெக்ட்ரீஷியன். வாய் பேச வராத நேரத்திலெல்லாம் அவர் கைக்கு ஒரு ஸ்குரூடிரைவர் வேண்டும்.

அம்மா மகளின் மணிக்கட்டைச் சுரண்டினாள். மகள் குனிந்தாள்.

"பேரு... வைக்கல," என்றாள் அம்மா. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "வைக்கவே இல்ல. அவ ஏறி... அவளே வைக்கட்டும். கயித்த எடுத்து... வேன் மேல பை கட்டிக்கிட்டிருக்கா, கிறுக்கி. நான் போயிட்டா... அந்தப் பக்கமே போக மாட்டா. பேரு பாக்கி இருந்தா... போவா. சொல்லிடாத. சொன்னா... அழுவா."

"நீ வேணும்னே விட்டியாம்மா?"

"பின்ன?" என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "நல்லா இருந்துச்சுடி... எல்லாம்," என்றாள்.

எதைச் சொல்கிறாள் என்று மகள் கேட்கவில்லை. சுவரில் அம்மாவின் லாண்டரிச் சீருடை தொங்கிக்கொண்டிருந்தது. மகளுக்கு அம்மாவுக்காக உலகத்தின் மேல் இருபது வழக்குகள் இருந்தன. அம்மாவுக்கு ஒன்றுகூட இல்லை. அதுவே மகளுக்கு இருபத்தோராவது வழக்கு.

மத்தியானம் மூச்சு மாறியது. இழுத்தது, நின்றது, மறந்துவிட்டாற்போல் இருந்துவிட்டு மறுபடி இழுத்தது. அத்தை தன் காதை அம்மாவின் வாயருகே கொண்டுபோனாள். பாறையை விரல் முட்டியால் தட்டிவிட்டு, உள்ளே பொள்ளலா கெட்டியா என்று காது வைத்துக் கேட்பாளே, அதே சாய்வு.

"சொல்லுங்க அண்ணி. எவ்வளவு மோசமா இருந்தாலும் சரி. சண்டை போட மாட்டேன். சத்தியமா."

உதடுகள் அசைந்தன. வந்தது காற்றுதான். இந்தப் பக்கம் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மகளுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. பிறகு காற்றும் வரவில்லை.

அத்தை காதை எடுக்கவில்லை. அப்பா எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். வீட்டில் அத்தனை சத்தம் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

"ஏமாத்திட்டாங்க," என்றாள் அத்தை கடைசியில். "ஏமாத்திட்டுப் போயிட்டாங்க, ஆபீசர்."

மகள் வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம். சொன்னால் அழுவாள். அத்தை ஏற்கெனவே அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனாலும் மகள் வாயை மூடிக்கொண்டாள்.

அம்மாவை அத்தைதான் குளிப்பாட்டினாள். மற்ற பெண்களை உள்ளே விடவில்லை. "எங்க அண்ணி கால்ல எங்கெங்க தழும்பு இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்," என்றாள். கதவுக்கு வெளியே நின்ற மகளுக்கு அவள் ஒவ்வொரு தழும்பிடமும் பேசுவது கேட்டது. "இது குறட்டையில வாங்கினது. இது சமையல்ல. இது நான் கயித்த லேட்டா இழுத்தது, சரி, ஒத்துக்கறேன்." உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். மகள் நெற்றியைக் கதவில் முட்டுக்கொடுத்து நின்றாள். இப்படிக் குளிப்பாட்ட ஓர் ஆள் அமைவது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

மறுநாள் காலை வாசலில் நாற்காலிகள் நிறைந்தன. லாண்டரியிலிருந்து ஷிஃப்ட் முடிந்த கையோடு பெண்கள் வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்த இடத்தில் சலவைச் சோடா வாசனை அடித்தது. பக்கத்து வீட்டு அம்மாள் பெருமூச்சு விட்டு, "இந்த வயசுல பாறை ஏறினா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள்.

"பாறை ஏறினதால வரல ஆன்ட்டி," என்றாள் மகள். "முப்பது வருஷம் கொதிக்கிற மருந்துத் தண்ணியில நின்னாங்க. அப்ப யாராவது உடம்பு என்னத்துக்கு ஆகும்னு கேட்டீங்களா?"

"என்னடி இப்படிப் பேசற, சாவு வீட்டுல..."

"எங்க வீட்டுச் சாவு. நான்தானே பேசணும்?"

லாண்டரிப் பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சவப்பெட்டியைத் தூக்குவதற்குச் சற்று முன்னால் மலையேற்றச் சங்கத் தலைவர் வந்தார், மூன்று இளைஞர்களோடும் ஒரு பெரிய மலர்வளையத்தோடும். பாறையடியில் வண்ணப் பலகை நட்டு வழிகளையெல்லாம் படம் போட்டது இவருடைய சங்கம்தான். நெட்டையும் குட்டையும் போய்ச் சண்டை பிடித்த பிறகு பேர்களைப் போட்டார்கள். முதலில் ஏறியவர் என்ற இடத்தில் 'உள்ளூர்வாசிகள்' என்று போட்டார்கள். மகளின் வழக்குகளில் அதுவும் ஒன்று.

தலைவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், கண் கலங்கியிருந்தது. "சங்கத்துல நேத்து முடிவு பண்ணினோம் சார். நடுச்சுவருக்கு இன்னும் பேர் இல்ல. அம்மா நினைவா 'தாய்மை'ன்னு வைக்கலாம்னு..."

மகளுக்குக் காது சூடேறியது. தாய்மை! 'நாத்தனார் வாய்'க்கும் 'ஓடிப்போன மாப்பிள்ளை'க்கும் நடுவில் தாய்மை! அம்மா இதைக் கேட்டால் பெட்டியிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

அவள் பேசுவதற்குள், "அதுக்குப் பேர் இருக்கு," என்றாள் அத்தை.

எல்லோரும் திரும்பினார்கள். அத்தை பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தாள். அழுது வீங்கிய முகம்.

"எப்பம்மா வச்சாங்க?" என்றார் தலைவர்.

"நேத்து. என் காதுல சொல்லிட்டுத்தான் போனாங்க."

"என்ன பேரு?"

அத்தை பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். சீட்டாட்டத்தில் எதிராளியின் முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நாத்தனாருக்கு எட்டாது."

 அப்பாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பிடிக்கப் போனவர்கள், அவர் சிரிக்கிறார் என்று கண்டு கையை இழுத்துக்கொண்டார்கள்.

"அப்படித்தானே ஆபீசர்?" அத்தை மகளைப் பார்த்தாள். "நீயும்தானே இருந்த? உனக்கும் கேட்டுச்சுல்ல?"

அந்தக் கண்களில் மிரட்டல் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. அந்தச் சுவருக்குப் பேர் வைக்கும் உரிமையை அம்மா இவளுக்கு விட்டுப்போயிருக்கிறாள். அது தெரியாமல் இவள் தன்னையே கேலி செய்து, அதை அம்மாவின் வாயில் வைக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கணக்கு நேராகிவிடும். கணக்கு நேராக வேண்டும் என்று ஊரெல்லாம் சண்டை போடுகிறவள் மகள்.

"கேட்டுச்சு," என்றாள். "அம்மா சொன்னாங்க. நாத்தனாருக்கு எட்டாதுன்னு."

தலைவர் தலையாட்டினார். "சரிம்மா. அதையே போட்டுடறோம்."

"ஏறினது யாருன்னும் போடுங்க," என்றாள் மகள். "நெட்டைன்னு போடுங்க. உள்ளூர்வாசின்னு போட்டீங்கன்னா பலகைய நானே வந்து பிடுங்கிடுவேன்."

தூக்க ஆட்கள் குனிந்தார்கள். "ஒரு நிமிஷம்," என்றாள் அத்தை. விரல் முட்டியால் பெட்டியின் பக்கவாட்டை இரண்டு இடத்தில் தட்டிக் காது கொடுத்தாள். "கெட்டிதான். தூக்குங்க."

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நாற்காலிகளை எடுத்துப் போய்விட்டார்கள். அப்பா கட்டில் இருந்த இடத்தில் பாய் விரித்து, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். மகள் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு டம்ளர்களைக் கழுவினாள்.

அங்கிருந்து பார்த்தால் நிலைக்கதவு தெரியும். அத்தை அதன் கீழே நின்று மேல்சட்டத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நுனிக்காலில் நின்று கையை நீட்டினாள். விரல்தடங்களுக்கு ஒரு சாண் கீழே அவள் கை நின்றது. மகள் ஈரக்கையோடு போய், மூலையிலிருந்த ஸ்டூலை அவளருகே நகர்த்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

அத்தை ஸ்டூலைக் காலால் ஒதுக்கித் தள்ளுவது கேட்டது.

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த டம்ளரை எடுத்தாள். பின்னால் ஒரு மூச்சு, தரையில் இரண்டு பாதம் விழும் சத்தம். சற்றுப் பொறுத்து மறுபடி ஒரு மூச்சு, மறுபடி அதே சத்தம். அப்பா தூக்கத்தில் அசைந்தார்.

அடுத்த மூச்சுக்குப் பிறகு தரையில் ஒன்றும் விழவில்லை, மேல்சட்டம் மட்டும் கிறீச்சிட்டது. மகள் குழாயை மூடினாள்.