காதில் விழுந்தது

பிளாஸ்திரி சுலபத்தில் வருவதாக இல்லை. அப்பாவின் காதுக்குக் கீழே தாடி மயிரோடு அப்பிக் கிடந்தது. "எம்பொண்ணு ஒட்டினது" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாராம், கழற்றவேயில்லை. ஈரத்துணியை அதன்மேல் வைத்தாள் மகள். "இழுத்தா வலிக்கும்" என்று சொல்லவும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது.

விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

போன வாரம் தன் பரிசோதனைக்கூடத்தில் வைத்து அவள்தான் அந்த இடத்தில் ஊசி குத்தினாள். எச்சில் சுரப்பியில் கோலிக்குண்டு அளவு வீக்கம். ஊசியில் ஏறியது தெளிந்த நீர், இரண்டு சொட்டு. கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் மடிப்பு மடிப்பாய்ச் சவ்வு, குட்டிக் கொக்கிகள். நாடாப்புழுவின் குஞ்சு! அப்பாடா, மருந்திலேயே சரியாகிவிடும் என்றிருந்தது. உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். அங்கே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா "ம், ம்" என்று கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் அப்பாவே கூப்பிட்டார். "உங்கம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. திட்டவே மாட்டேங்கறா. உப்பு போதுமான்னு வேற கேக்கறா!"

அவருடைய இருதயத்துக்குப் பயந்து வருஷக்கணக்காக உப்பை ஒளித்து வைத்தவள் அம்மா. மகளுக்கோ பார்க்க வேண்டிய தகடுகள் மலையாய்க் கிடந்தன. "கெடைக்கிறப்ப அனுபவிங்கப்பா" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தாள்.

அம்மா வந்து அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"அழாதடி. புத்து முத்தி, வாயத் தொறக்க முடியாம கெடந்து சாகறதுக்கு இது எவ்வளவோ மேல்."

"எந்தப் புத்தும்மா?"

"நீதானே போன்ல சொன்ன, புத்துதாம்மா, பயப்படாதன்னு. மருந்து கொண்டாறேன்னது என்னைத் தேத்தத்தான்னு எனக்குத் தெரியாதா? அவருகிட்ட நான் மூச்சு விடல. இருக்கிற வரைக்கும் வாய்க்கு ருசியா சாப்பிடட்டும்னு உப்பு, எண்ணெய் எதையும் தடுக்கல. செஞ்சது சரிதானே?"

பாழாய்ப்போன மிக்சி! புழுதாம்மா என்றல்லவா சொன்னாள். அந்த மருந்து இப்போதும் கைப்பையில்தான் இருந்தது. அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு அப்படியே தரையில் படுத்துவிடலாம் போல அசதியாக இருந்தது.

"சரிதாம்மா."

"ரொம்ப நாள் இருந்திருக்க மாட்டாருல்ல?"

"மாட்டாரும்மா."

அம்மா பெருமூச்சு விட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மகள் ஈரத்துணியை எடுத்தாள். பிளாஸ்திரி ஊறித் தானாகவே கையோடு வந்தது. ஊசி குத்திய இடம் நன்றாக ஆறியிருந்தது.