எங்க பக்கத்து ரத்தம்

வலது கை சட்டைக்குள் போகமாட்டேன் என்றது. பிணவறை ஊழியர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "தோள்பட்டையை லேசா தூக்குங்கம்மா, தானா வரும்" என்றார். பாப்பா தூக்கினாள். நாற்பத்து நான்கு வயதிலும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். அண்ணன் கூப்பிட்டதைக் கேட்டு அண்ணியும் அப்படியே பழகிவிட்டாள்.

மேசையில் கிடந்தவன் அண்ணனுடைய ஒரே பிள்ளை, சிட்டு. இருபத்தோரு வயது. நெஞ்சின் நடுவில் மூன்று அறுவை சிகிச்சைகளின் தழும்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கோட்டில் இறங்கின. மூன்றாவதற்கு இன்னும் தையல்கூடப் பிரிக்கவில்லை.

அண்ணி பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு வந்தாள். அவன் அப்படித்தான் போடுவான். மேலிருந்து ஆரம்பித்தால் கடைசியில் ஒன்று மிஞ்சி நிற்கும், அவனுக்கு அழுகை வந்துவிடும்.

"நேத்து சாயங்காலம்கூட, நாளைக்கு வேலைக்குப் போகணும்மா, பெட்டி நிறைய சேர்ந்திருக்கும்னான்" என்றாள் அண்ணி. கேக் கடையில் அட்டைப் பெட்டி மடிக்கிற வேலை அவனுக்கு. நான்கு வருஷமாக அதை ஒரு பெரிய உத்தியோகம் போலப் பார்த்தான்.

ஊழியர் சும்மா இருக்க முடியாமல் கேட்டார். "என்ன சீக்கும்மா, இந்த வயசுல?"

"பிறக்கும்போதே இதயத்துல கோளாறு. எங்க பக்கத்து ரத்தம். என் வழியா வந்தது."

யாரோ விலாசம் கேட்டதற்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள் அண்ணி. பாப்பா குனிந்து அவனுக்குக் காலுறை மாட்டினாள். இடது காலில் மாட்டிய பிறகு வலது காலுக்குப் போக வெகுநேரம் ஆனது.

அது அண்ணியின் ரத்தம் இல்லை. அது பாப்பாவுக்குத் தெரியும். இன்னும் ஒரே ஓர் ஆளுக்குத் தெரியும். அவர் வெளியே வண்டிக்காரனிடம் வழி சொல்லிக்கொண்டு நின்றார்.

பாப்பாவுக்கு வேலை மரபணு ஆய்வுக்கூடத்தில். வருகிற ரத்தத்தில் குரோமோசோம்கள் முழுதாக இருக்கின்றனவா என்று பார்ப்பது. அப்பா வழியாக ஒன்று, அம்மா வழியாக ஒன்று என எதிலும் இரண்டு பிரதி இருக்கவேண்டும். இருந்தால் கணினித் திரையில் புள்ளிகள் ஒரே மட்டத்தில் கூட்டமாக ஓடும். எங்காவது ஒரு பிரதியில் துண்டு விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் புள்ளிகள் பொத்தென்று கீழே இறங்கி, கொஞ்ச தூரம் போய், திரும்ப ஏறிக்கொள்ளும். எங்கே இறங்குகிறது, எங்கே ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடைவெளிக்குள் எந்தெந்த மரபணுக்கள் அகப்படுகின்றன, அவற்றில் நோயோடு எதற்குச் சம்பந்தம் என்று பட்டியல் போடவேண்டும். பதினெட்டு வருஷமாக அவள் போட்ட பட்டியல்களை அடுக்கினால் ஒரு அறை நிறையும்.

சிட்டுவுக்குப் பன்னிரண்டு வயதில் இரண்டாவது அறுவை சிகிச்சை நடந்தபோது, இதய மருத்துவர் இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னார். அண்ணன் ரத்தக் குப்பியைக் கொண்டுவந்து அவள் கையில்தான் கொடுத்தார். இருபத்திரண்டாவது குரோமோசோமில் புள்ளிகள் இறங்கின. நாற்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் ஒரு பக்கம் காலி. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய் உருவாக ஒத்தாசை செய்கிற ஒன்று அந்தப் பட்டியலில் ஐந்தாவது வரியில் இருந்தது. அவன் மூக்கால் பேசுவதற்கும், கணக்குப் பாடத்தில் திணறுவதற்கும், பொத்தான் மிஞ்சுவதற்கும் காரணம் அந்த இடைவெளிக்குள்தான் எங்கோ கிடந்தது.

முறைப்படி பெற்றவர்களின் ரத்தத்தையும் பார்த்தாள். அண்ணியுடையது நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. அண்ணனுடையது அதே இடத்தில் இறங்கி, அதே இடத்தில் ஏறியது. விட்டுப்போனது ஒரே துண்டுதான். அந்தக் குறை ஒருவரை லேசாகத் தொட்டுவிட்டுப் போகும், அடுத்தவரைக் கொன்றே போடும். ஏன் என்று யாராலும் தீர்மானமாகச் சொல்லமுடிவதில்லை. அண்ணனுக்கு அது கொஞ்சம் மூக்கோசையோடு நின்றுவிட்டது.

மறுநாள் யாருக்கும் தெரியாமல் தன் ரத்தத்தையும் சோதித்தாள். முழுதாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் தனக்கென்று ஒரு புதுச் செருப்பு வாங்கிக்கொண்டாள். அந்தச் செருப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது சுடும்.

அறிக்கையை ஆய்வுக்கூட வாசலில் வைத்து அண்ணனிடம் கொடுத்து விளக்கினாள். அவர் நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நானே அவகிட்டச் சொல்லிக்கிறேன் பாப்பா" என்றார். அப்பா செத்தபிறகு படிப்பை நிறுத்திவிட்டு, லாரி ஓட்டி அவளைப் படிக்கவைத்த மனிதர். அவர் சொல்லிக்கொள்கிறேன் என்றால் சொல்லிக்கொள்வார்.

ஒரு வருஷம் கழித்து, ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி திடீரென்று கேட்டாள். "என் ரத்தத்துல குறை இருக்குன்னு உன் மெஷின்ல பார்த்தியே பாப்பா, அன்னைக்கு என்னைப் பத்தி என்ன நெனச்சே?" பாப்பா அண்ணனைப் பார்த்தாள். அவர் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஒண்ணும் நெனைக்கல அண்ணி" என்றாள் பாப்பா. அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தின்மேல் எட்டு வருஷம் உட்கார்ந்துவிட்டது.

வண்டி வீட்டுக்கு வந்து சேரும்போது மணி பதினொன்று. வாடகை நாற்காலிகள் வாசலில் வந்து இறங்கியிருந்தன. அண்ணன் காரோட்டக் கற்றுக்கொடுக்கிறவர் என்பதால் தெருவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். கேக் கடையிலிருந்து முதலாளியும் இரண்டு பெண்களும் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "எங்கள்ல யாரும் அவன் அளவுக்கு மூலையை மடிக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு ஏங்கி ஏங்கி அழுதாள்.

சமையலறையில் அண்ணியின் தங்கை தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். தையல் கூடத்தில் துணி வெட்டுகிற வேலை அவளுக்கு, ஊசி மாதிரி நேரான பேச்சு. கழுவியதை வாங்கித் துடைக்கப் பாப்பா பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்காவைப் பார்க்கச் சகிக்கல" என்றாள் தங்கை. "ஒரு விதத்துல நான் தப்பிச்சேன்னு வச்சுக்கங்க. நல்லவேளை, அன்னைக்கே கலைச்சுட்டேன்."

பாப்பாவின் கையிலிருந்த துணி நின்றது. "என்னது?"

"உங்களுக்குத் தெரியாதா? நாலு வருஷம் ஆச்சு. மூணு மாசம் முழுசா ஆயிருந்துது. எங்க பக்கத்து ரத்தத்துலதானே இது ஓடுது, எனக்கும் இருக்கும்ல. டாக்டரம்மா, சிட்டுவோட ரிப்போர்ட்டைக் கொண்டாங்க, அதை வச்சு வயித்துல இருக்கிறதைச் சோதிக்கலாம்னாங்க. மாமாகிட்ட கேட்டோம். வீடு மாத்தினப்ப தொலைஞ்சு போச்சுன்னுட்டார். உங்ககிட்ட கேக்கலாம்னு அக்கா சொன்னா. லேபுல பழசையெல்லாம் அழிச்சிருப்பாங்க, பாப்பாவைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு மாமாதான் சொன்னார். நாளும் தள்ளிக்கிட்டே போச்சு. என் வீட்டுக்காரர், வேணாம், சிட்டு படுற பாடு போதும்னார்." அவள் குழாயை மூடினாள். "அப்புறம் தங்கவே இல்ல. பரவால்ல விடுங்க. இன்னைக்கு அக்கா நிக்கிற இடத்துல நான் நிக்காம போனேனே."

பாப்பா தம்ளரைக் கீழே வைத்தாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கோப்புகளும் அவளுடைய கணினியில் அப்படியே இருந்தன. எடுத்துக் கொடுக்க இரண்டு நிமிஷம் ஆகாது.

அண்ணன் வீட்டின் பக்கவாட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். சட்டைப் பையில் இறப்புச் சான்று துருத்திக்கொண்டிருந்தது.

"அண்ணே, அண்ணியோட தங்கச்சி கலைச்சது உனக்குத் தெரியுமா?"

"பிள்ளைய உள்ள படுக்க வச்சிட்டு இப்பவா இதைப் பேசுற?"

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"ரிப்போர்ட் எங்க?"

"கிழிச்சிட்டேன்." அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சொல்லணும்னுதான் அன்னைக்கு வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழட்டல, அதுக்குள்ள யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு கேட்டுட்டா. என்கிட்ட இருந்துன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். உன்கிட்ட இருந்துன்னு வந்துடுச்சு. ஒரு வார்த்தை பாப்பா. நாளைக்கு மாத்திக்கலாம்னு நெனச்சேன். மறுநாள் காலைல அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, என்னால உங்களுக்கு இப்படி ஆயிடுச்சேன்னு அழுதா. அதுக்கு மேல எந்த வாயால மாத்துறது?"

"அந்தக் குழந்தை ஒண்ணும் இல்லாம பிறந்திருக்கும் அண்ணே. இந்தக் குறை அங்க வர வழியே இல்ல."

"வேற ஏதாவது வந்திருக்கும்" என்றார் அவர். சொன்ன பிறகு அவருக்கே அந்தச் சொல் சகிக்கவில்லை போலிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளை நேராகப் பார்த்தார். "என்னைக் கேக்குறியே, நீ? எட்டு வருஷமா இந்த வீட்டுக்கு வந்து அவ கையால சாப்பிட்டியே. நீ எந்த வாயால சாப்பிட்டே?"

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் அவளால் தாங்கமுடியவில்லை.

மூன்று மணிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். தகனக்கூடத்து அலுவலர் பெயரையும் வயதையும் இரண்டு தடவை சரிபார்த்தார். இரும்புக் கதவு மேலே ஏறியது, தட்டு உள்ளே போனது, கதவு இறங்கியது. சிட்டு இருபத்தோரு வருஷம் சுமந்த இடைவெளியும், அதனால் அவன் உடம்பு பட்ட பாடும் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று யாரோ பின்னாலிருந்து கணக்குச் சொன்ன மாதிரி பாப்பாவுக்குத் தோன்றியது. யாரும் சொல்லவில்லை. அண்ணன் சுவரைப் பார்த்தபடி நின்றார். அவர் அழுகை சிட்டுவின் அழுகை மாதிரியே மூக்கிலிருந்து வந்தது.

திரும்பி வந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. அண்ணியின் தங்கை குளிக்கப் போயிருந்தாள். அண்ணி சிட்டுவின் கட்டிலில் விரிப்பை எடுத்துவிட்டு வெறும் மெத்தைமேல் உட்கார்ந்திருந்தாள். பாப்பா கதவைச் சாத்திக்கொண்டு எதிரில் நின்றபடியே சொன்னாள். பாதியில் அண்ணி எழுந்து கத்துவாள், இல்லை அறைவாள் என்று எதிர்பார்த்து எதிர்பார்த்துச் சொன்னாள். அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்னுது?" என்றாள் கடைசியில்.

"உங்களுது முழுசா இருந்துது அண்ணி. ஒரு குறையும் இல்ல."

"நீ எப்பப் பார்த்தே?"

"அவனுக்குப் பன்னெண்டு வயசுல."

"அப்போ நாலு வருஷத்துக்கு முன்னாடி உனக்குத் தெரிஞ்சிருந்துது."

"அவங்க மாசமா இருந்தது எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா இன்னைக்குக் காலைலதான்..."

"நான் அதைக் கேக்கல."

"தெரிஞ்சிருந்துது" என்றாள் பாப்பா.

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. அண்ணி அந்தப் பக்கம் பார்த்தாள். அவள் உதடு எதையோ கூட்டிப் பார்க்கிற மாதிரி அசைந்தது. மாதங்களாக இருக்கலாம், பிறக்காமல் போன பிள்ளையின் வயதாக இருக்கலாம்.

"நீங்க கிளம்புங்க" என்றாள்.

இருபத்து நான்கு வருஷத்தில் அண்ணி அவளை 'நீங்க' என்று சொன்னதில்லை. பாப்பா தன் பையைத் தேடினாள். அது தோளிலேயே இருந்தது.

தங்கை ஈரத் தலையோடு உள்ளே வந்து, "கொஞ்ச நாள் எங்க வீட்டுல வந்து இரு அக்கா" என்றாள். அண்ணி கட்டிலின் ஓரத்தில் தனக்கு முன்னால் அவளை உட்காரவைத்தாள். அலமாரியிலிருந்து சீப்பை எடுத்தாள். முடியைப் பின்னால் தள்ளி, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தாள்.

வெளியே அண்ணன் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் சத்தம் கேட்டது. நிற்கும், மறுபடி கேட்கும். பாப்பா வாசற்படி வரைக்கும் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"போதும்க்கா" என்றாள் தங்கை. "சிக்கெல்லாம் எடுபட்டுடுச்சு."

அண்ணி உச்சியிலிருந்து நுனிவரை சீப்பை இழுத்தாள். திரும்ப உச்சிக்குக் கொண்டுபோனாள்.