பழனாத்தாள் வீட்டுக்குப் பதினான்கு மதிப்பெண்

மோகனப்ரியா நிரப்பிய படிவத்தைச் சுவரில் ஒட்டி, எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்றார் பயிற்சி கொடுக்கும் நிர்மலா மேடம். பயிற்சிக்கு வந்த மற்றவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். மோகனப்ரியாவுக்கோ அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

நேற்று ஹெப்பாளுக்குப் பக்கத்துக் காலனியில் கணக்கெடுப்பு. பயிற்சிதான் என்றாலும் எழுதுவது நிஜப் பட்டியல். ரொம்பவும் இல்லாதவர்களுக்குத் தள்ளுவண்டியும் ஒரு வருட உதவித்தொகையும் தருகிற திட்டம். வீட்டிலிருக்கும் பொருளுக்கெல்லாம் மதிப்பெண் உண்டு. பத்தைத் தாண்டினால் பெயர் போய்விடும். வாயால் சொல்வதை நம்பாதீர்கள், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள் என்பது பாடம்.

தமிழ் தெரிந்தவள் என்று இவளைப் பழனாத்தாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பழனாத்தாள் ராமாபுரத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவள். சாரத்திலிருந்து விழுந்த புருஷன் படுத்த படுக்கை. ஆனால் வீட்டில் நாற்காலிகள், மிக்ஸி, ஃபேன். இது தனக்கும் பரீட்சை என்று அவளிடம் சொல்லிக்கொண்டே பதினான்கு போட்டாள். தெருமுனை வரை போனவள் மறந்துவிட்ட குடைக்காகத் திரும்பினால், பக்கத்து வீட்டுக்காரி மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

பழனாத்தாள் கூச்சத்தோடு சிரித்தாள். "ஆபீசுல இருந்து வர்றாங்கன்னு சொன்னாங்க. வந்த புள்ளையத் தரையிலயா கண்ணு உக்கார வெக்கறது?"

மோகனப்ரியாவுக்குத் தெரியாத சங்கதியா இது? சொந்த ஊரான மார்டள்ளியில் யார் வந்தாலும் அவள் அம்மாவும் பக்கத்து வீட்டு நாற்காலிக்குத்தான் ஓடுவாள். அடித்து எழுதியிருக்கலாம். ஆனால் அடித்தல் திருத்தல் இருந்தால் இவளுடைய பரீட்சை மதிப்பெண் குறையும். இருபது பேரில் ஐந்து பேருக்குத்தான் வேலை. காலையில் மேடமிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசைச் சமாதானப்படுத்தினாள். சமாதானமாம், சமாதானம்!

எல்லாம் நீயே பார்த்ததுதானே என்று மேடம் இப்போது கேட்டார். "ஹௌது மேடம்." பாழாய்ப்போன வாய் அதுபாட்டுக்குக் கன்னடத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டது. பழனாத்தாளின் பெயர்மேல் மேடம் கோடு போட்டார்.

மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவ நிற்கும்போது போன் அடித்தது. பழனாத்தாள்தான்; நேற்று இவள் தன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"கண்ணு, அந்த நாற்காலி சமாச்சாரம் எனக்கு மனசுக்குள்ள உறுத்திட்டே இருக்குது. அதனால உன்ற பரீச்சைக்கு ஒண்ணும் கொறையாயிடலையே?"

"இல்லீங்க்கா. பாஸாயிட்டனுங்க."

"அது போதும் சாமி."

பட்டியலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள். குழாய்த் தண்ணீர் தட்டில் நிறைந்து, செருப்பெல்லாம் நனைய வழிந்துகொண்டிருந்தது. பின்னால் நாலு பேர் தட்டோடு காத்திருந்தார்கள்.