நாற்காலி உயரம்

பழைய காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மெக்கானிக் இரண்டு வகை ஸ்ப்ரிங்கைக் காட்டினார்.

“இதுல இறக்கினா இறக்கினதுதான் அண்ணே. இது காயில்ஓவர். வளையத்தைத் திருகி ஏத்தலாம், இறக்கலாம். விலைதான் கூட.”

“காயில்ஓவரே போடு தம்பி.”

மறுநாள் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல்தான் நுழைந்தது. அவர் காரை ஆசை தீரச் சுற்றி வந்தார். பிறகு டேப்பை எடுத்துத் தரையிலிருந்து சீட்டின் உயரத்தை அளந்தார்.

“சீட்டு இந்த அளவுக்கு வரணும்” என்று டேப்பில் நகத்தை வைத்துக் காட்டினார். அது வீட்டில் அவர் மனைவி உட்காரும் நாற்காலியின் உயரம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அதைவிடத் தாழ்வாக அவளால் உட்கார முடியாது.

மெக்கானிக் சிரித்தார். “வண்டி பழைய உயரத்துக்கே வந்துடுமே! அண்ணி வந்துட்டாங்களா?”

“இன்னும் அவ அக்கா வீட்லதான். எப்ப வருவான்னு தெரியல.”

“அதுவரைக்கும் இறக்கியே ஓட்டுங்களேன். வர்றப்போ ஏத்திக்கலாம்.”

“திடீர்னு வந்து கூட்டிட்டுப் போன்னு சொன்னா?”

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தார். வேலை முடிந்ததும் கார்க்காரர் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒரு முழங்காலை மடக்காமல் எழுந்து பார்த்தார்.