சலூன்காரர் கத்தரித்த ஆங்கிலம்

இதில் ஒரு வரி பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகிப்போகட்டும்: சலூன்காரர் ஆங்கிலத்தில் உணர்ச்சி வாக்கியம் சொன்னால் தரையைவிட்டு ஒரு சாண் எழும்புவார். முதல் தடவை அவர் "வாட் எ ஹெட்!" என்று எழும்பியபோது, நாற்காலியில் இருந்த தபால்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மேலே போனது போகட்டும், கிருதா இரண்டும் ஒரே அளவில் இருக்கட்டும் என்றார்.

வெளிநாட்டிலிருந்த மகன், ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு, மூன்று மாதத்தில் அழைத்துவருவதாக எழுதியிருந்தான். மருமகளிடம் நாலு வார்த்தையாவது தன் வாயாலேயே பேசிவிட வேண்டும் என்று சலூன்காரர் இலக்கணப் புத்தகம் வாங்கிக் கண்ணாடியோரம் சாய்த்துவைத்தார். செய்தி வாக்கியங்கள் சாதுவாகத் தரையில் கிடந்தன. வினா வாக்கியங்கள் மின்விசிறியில் மாட்டிக்கொண்டு, யாராவது பதில் சொல்லும்வரை இறங்கவில்லை. கட்டளை வாக்கியத்துக்கு நாற்காலியே நகர்ந்தது. பெயர்ச்சொற்களைச் சீப்பு டப்பாவில் அடுக்கினார். வினைச்சொற்கள் துள்ளியதால் பவுடர் டின்னை மேலே வைத்து அமுக்கினார்.

கைப்பழக்கம்தான் கெடுத்தது. முப்பது வருடமாகக் காதோரம் நீட்டிக்கொண்டிருந்த எதையும் அவர் விட்டதில்லை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் தொங்கிய 'டியர்', 'லவ்லி', வினைச்சொல்லுக்குப் பின்னால் தொங்கிய 'ப்ளீஸ்' எல்லாவற்றையும் நறுக்கித் தள்ளினார். மனைவி அவற்றை முடியோடு சேர்க்காமல் கூட்டியெடுத்துத் தனிச் சாக்கில் கட்டிவைத்தாள்.

மருமகள் வாசலில் வந்து நின்றதும், "கம். சிட். ஈட்," என்றார். நாற்காலி பாய்ந்துபோய் அவளை ஏந்திவந்து சாப்பாட்டு மேசையில் முட்டி நின்றது. கரண்டி தானாக அவள் வாய்க்கு வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மகன் இறக்கிவைத்த பெட்டியை மறுபடி தூக்கினான்.

"வெட்டுறதுக்கு மட்டும் கை நீளும். தள்ளுங்க, எல்லாம் பத்திரமாத்தான் வச்சிருக்கேன்," என்று மனைவி சாக்கை அவிழ்த்தாள்.

சொற்கள் குருவிக்கூட்டம்போலக் கிளம்பி வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. வழுக்கை என்று அர்த்தமுள்ள 'பால்ட்' மட்டும் தெருவைக் கடந்து தபால்காரர் தலைக்குப் போயிற்று. அதற்கப்புறம் அவர் சலூனுக்கு வர வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. சலூன்காரர் தொண்டையைச் செருமி, "மை டியர், வாட் எ லவ்லி டாட்டர்!" என்றார். உத்தரத்தில் தலை இடித்தது. மருமகள் சிரித்துவிட்டாள். எட்டி அவர் கணுக்காலைப் பிடித்து இறக்கி, பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். மகன் பெட்டியைக் கீழே வைத்தான்.

அன்றிலிருந்து காலையில் விசிறியில் தொங்கும் வினாக்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லி இறக்கிவைப்பது மருமகளின் வேலை. கூரையும் ஒரு முழம் உயர்த்திக் கட்டியாயிற்று.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று: சலூன்காரருக்குக் கடைசிவரை கல்யாணமே ஆகவில்லை. சொன்ன நாக்கு இன்னும் அழுகவில்லை.