ஸ்டூலின் மூன்றாவது கால்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நெட்டில் என் போன் நம்பரைப் போட்டேன். புதன்கிழமை காலை பால் வாங்கிவிட்டுத் திரும்பியபோது வீட்டில் பதினோரு கல்லூரிகள் உட்கார்ந்திருந்தன. வாசலில் என் செருப்பை விட இடமில்லை.

ஆன்லைன் கல்லூரி என்றால் போனுக்குள்ளேயே இருக்கும் என்று நினைத்திருந்தேன். பெரிய கல்லூரிகள்தான் அப்படியாம். ஃபீஸ் கம்மியானவை நேரில் வந்துவிடும். எல்லாம் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தன. கழுத்தில் அட்டை தொங்கியது. அட்டையில் பெயர் கிடையாது. ‘விண்ணப்பிக்க இங்கே தொடவும்’ என்று மட்டும் இருந்தது. கட்டிலில் நான்கு, ஜன்னல் ஓரம் மூன்று, வாஷிங் மெஷின் மேல் இரண்டு. பாத்ரூம் வழியை மறித்து ஒன்று. கிரைண்டர் மேல் ஒல்லியாக ஒன்று.

என் வீட்டுக்காரர் முருகேசு துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

“ஏதாச்சும் ஒன்னப் புடிச்சுக்கிட்டு மிச்சத்த அனுப்பியுடு. குளிக்கப் போக முடியலை.”

“பாத்து எடுக்க வேண்டாமா? கத்திரிக்காய் வாங்குனாலே திருப்பித் திருப்பிப் பாக்கறோம்.”

“அப்ப திருப்பிப் பாரு” என்று சொல்லிவிட்டு ஒரு கல்லூரியைத் தாண்டிக் குளிக்கப் போனார்.

எனக்கு வயது நாற்பத்து நான்கு. பெயர் கலாமணி. இந்த வயதில் டிகிரி எதற்கு என்று கேட்காத ஆளில்லை. கேட்பவர்கள் எல்லாரும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் கேட்கிறார்கள்.

நான் ஈரோட்டில் ஒரு மெட்ரிக் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் படிப்புக்குத் தகுந்த இருக்கை. டிகிரி முடித்தவர்களுக்கு நாற்காலி. பன்னிரண்டாவதோடு நிறுத்திய வாட்ச்மேன் நிற்கிறார். நான் பி.காம். இரண்டு வருடம் படித்தேன். ஆகவே எனக்கு இரண்டு கால் உள்ள ஸ்டூல். மூன்றாவது கால் அவரவர் பொறுப்பு. பத்தொன்பது வருடமாக என் வலது காலை ஊன்றித்தான் உட்கார்ந்திருக்கிறேன். இருமல் வந்தால்கூட யோசித்துத்தான் இருமுவேன்.

பள்ளிச் சாமான்களுக்கெல்லாம் நம்பர் உண்டு. வருடா வருடம் மார்ச்சில் ரிஜிஸ்டரோடு ஒத்துப் பார்த்து வெள்ளை பெயின்டில் நம்பரைப் புதுப்பிப்பார்கள். என் ஸ்டூலின் கால்களில் 117/1, 117/2. என் வலது முழங்காலுக்குக் கீழே 117/3. சேலை மறைத்துவிடும். பெயின்ட் காயும்வரை விசிறிக்கொண்டிருப்பேன்.

எங்கள் சூப்பரிண்டெண்ட் ஸ்டீபன் சாருடைய நாற்காலிக்கு முதுகு இருக்கிறது. இரண்டு கை இருக்கிறது. முதுகின் மேல் துண்டு போர்த்தியிருக்கிறது. அவர் இந்த மாதத்தோடு ரிட்டயர் ஆகிறார்.

“கலாமணி, முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள டிகிரியக் கொண்டாம்மா. நாற்காலி உனக்கு. இல்லைன்னா அபிநயாவுக்குப் போயிரும். நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

அபிநயாவுக்கு இருபத்து நான்கு வயது. ஃபைலுக்கு நாடா கட்டுவதிலிருந்து ரிஜிஸ்டர் எழுதுவதுவரை எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. நல்ல பெண். அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. கெட்ட பெண்ணாக இருந்தால் நிம்மதியாகத் திட்டலாம்.

சரி என்று கல்லூரிகளை ஒவ்வொன்றாக விசாரித்தேன்.

ஜன்னல் ஓரத்துக் கல்லூரி கேட்டது. “உங்க லட்சியம் என்ன மேம்?”

“முதுகச் சாய்க்கறது.”

“சூப்பர் மேம்” என்று எழுதிக்கொண்டது. அதன் ஃபீஸ், இனி வரும் பதினோரு வருட ஞாயிற்றுக்கிழமைகள். கட்டிலில் இருந்தது என் குரலைக் கேட்டது. பாஸானதும் தேய்மானம் போகத் திருப்பித் தரும். வாஷிங் மெஷின் மேலிருந்தது, தன் டிகிரி எல்லா ஊரிலும் செல்லும், ஈரோட்டில் மட்டும் செல்லாது என்றது.

கிரைண்டர் மேல் இருந்தது வாயைத் திறக்கவில்லை. நான்தான் போய்க் கேட்டேன்.

“உங்க ஃபீஸ்?”

“ஒண்ணுமில்லைங்க மேம். ரெண்டு வருஷம் உங்ககிட்ட இருக்குது. மூணாவது வருஷத்தக் கொண்டாங்க. ஒட்டிக் குடுத்துர்றோம். ஒரு வாரம்.”

இதைவிட மலிவு எங்கே கிடைக்கும்? அட்டையைத் தொட்டேன். அது தன் உள்ளங்கையைப் பார்த்தது. முகம் கொஞ்சம் சுருங்கியது.

“மேம், உங்க மூணாவது வருஷம் யூஸ் ஆயிருச்சுன்னு காட்டுது.”

“நான் காலேஜ் பக்கமே போகலையே.”

“நீங்க போகலை மேம். இன்னொருத்தர் போயிருக்கார். பேரு நந்தகோபால்.”

நந்தகோபால் என் தம்பி.

“எனக்கு அப்பவே தெரியும்” என்று பாத்ரூமிலிருந்து முருகேசு சொன்னார். தெரிந்தவர் இருபது வருடமாகச் சொல்லவில்லை.

மற்ற பத்தையும் அனுப்பிவிட்டு கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினேன். ஒல்லிக் கல்லூரி கூடவே வந்தது. கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் போட்டார்.

தம்பி வீட்டுக் கதவைத் திறந்தது அவன் மனைவி ஷர்மிளா.

“வாங்க அண்ணி. அவரு உள்ள ரூம்லதான் இருக்காரு. கொஞ்சம் நடக்கணும்.”

போன தடவை வந்தபோது அந்த நடை பத்தடி இருந்தது. ஒவ்வொரு பிரமோஷனுக்கும் நீளும் போலிருக்கிறது. நான் நடக்க நடக்க அது நீண்டது. பாதி வழியில் ஷர்மிளா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்து டம்ளரைச் சுவரோரம் வைத்துவிட்டு மறுபடி நடந்தேன். கல்லூரி பின்னால் வந்து டம்ளரை எடுத்துக்கொண்டது.

தம்பி சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சுழல் நாற்காலிக்கு ஐந்து கால். என்ஜினியரிங் நான்கு வருடம்தான். நான்கு கால்கள் கறுப்பு. ஐந்தாவது மட்டும் வெளிறிப்போய், கொஞ்சம் குட்டையாக இருந்தது. அதன் மேல் ‘பி.காம். மூன்றாம் ஆண்டு, கலாமணி’ என்று நீல மையில் இருந்தது. என் கையெழுத்து. புத்தகத்துக்கு அட்டை போட்டு எழுதிவைத்திருந்தேன்.

“நந்து, அது என்னுது.”

அவன் குனிந்து பார்த்தான்.

“அரியர் விழுந்துச்சில்லக்கா. நாலு வருஷத்துல முடியலை. ஒரு வருஷம் எங்கிருந்தாச்சும் வரணுமில்ல.”

“எங்கிட்டக் கேக்கலையே.”

“அப்பா கேட்டாரே. நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்தியே.”

மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தான். எடுப்பதற்குத் தயாராகத்தான் வைத்திருந்தான். பார்த்ததும் அது எந்தத் தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பிக்கு என்ஜினியரிங் சீட்டு கிடைத்ததும் அப்பா என்னிடம் சொன்னார்: “ஒரு வருஷம் பொறு கண்ணு. வருஷம் எங்க போயிருது? பீரோவுலதான இருக்குது.” அதன் பிறகு ஒருநாள் நான் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். தாளைக் கொண்டுவந்தார். ரேஷன் கார்டுக்கு என்றார். மூன்று இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தார். இங்க, இங்க, இங்க என்றார். போட்டேன். தாளின் ஓரத்தில் என் கட்டைவிரல் மாவு இன்னும் ஒட்டியிருந்தது.

“படிச்சுப் பாத்துட்டுப் போட்டிருக்கலாமில்லக்கா” என்றான் தம்பி.

நான் குனிந்து அந்த ஐந்தாவது காலைப் பிடித்தேன்.

“படிக்க உட்டிருந்தா படிச்சிருப்பேன்டா. கழட்டிக் குடு.”

“கழட்டுனா சுத்தாதுக்கா.”

“நான் இருபது வருஷமா சுத்திட்டா இருக்கேன்?”

“எனக்கு மீட்டிங் இருக்குதுக்கா” என்றான். நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். என் வருடம் கிரீச்சென்று சத்தம் போட்டது. எண்ணெய்கூட விடவில்லை அந்த மகராசன்.

திரும்பி வரும்போது அந்த நடை இரண்டே எட்டுதான் இருந்தது. ஷர்மிளா வாசலில் குங்குமம் கொடுத்தாள்.

பஸ்ஸில் கல்லூரி என் காலையே பார்த்துக்கொண்டு வந்தது. பெருந்துறை தாண்டியதும் பேசியது.

“மேம், இன்னொரு வழி இருக்குது. எக்ஸ்பீரியன்ஸ் கணக்கு. பத்தொம்பது வருஷம் ஸ்டூலத் தாங்கியிருக்கீங்க. அந்தக் காலையே மூணாவது வருஷமா எடுத்துக்கறோம்.”

“எடுத்துக்கிட்டா நான் எப்படி நடக்கறது?”

“காலு உங்ககிட்டயேதான் மேம் இருக்கும். நாங்க சீல் மட்டும் வெப்போம். காலு உங்க சொந்தம்னு ஆபீஸ்ல ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க. போதும்.”

நான் சிரித்தேன். அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தேன். என் கால் என் சொந்தம் என்று எழுதித் தருவதற்கு யாருக்கு என்ன கஷ்டம்?

மறுநாள் ஸ்டீபன் சாரிடம் போனேன். அவர் ரிஜிஸ்டரை எடுத்தார். விரலை நக்கிப் பக்கங்களைத் தள்ளினார்.

“நூத்திப் பதினேழு பை மூணு. கால், வலது, ஒண்ணு. பள்ளிச் சொத்து.”

“சார், அது என் காலு.”

“தெரியும்மா. எனக்குத் தெரியாதா? ஆனா நம்பர் போட்டாச்சே.”

“கண்டம்னு எழுதிக் கழிச்சுவிடுங்க சார்.”

உடைந்த பெஞ்சு, ஓட்டை பக்கெட் எல்லாவற்றையும் அப்படித்தான் கண்டம் என்று எழுதி ரிஜிஸ்டரிலிருந்து நீக்குவோம். ஸ்டீபன் சார் தலையை ஆட்டினார்.

“ரிட்டயர் ஆகப் போறவன் எதையும் கழிக்கக் கூடாதும்மா. புதுசா வர்ற சூப்பரிண்டெண்ட் எழுதலாம்.”

“புதுசா வர்றது யாரு சார்?”

“டிகிரி இருக்கறவங்க.”

“டிகிரிக்குத்தான் சார் கையெழுத்துக் கேக்கறேன்.”

“நீ கேக்கறது நியாயம்தான்” என்றார். நியாயம் என்று சொல்லும்போது சாய்ந்துகொண்டார்.

முப்பத்தொன்றாம் தேதி அவருக்கு மாலை போட்டார்கள். கேசரி கொடுத்தார்கள். ஒன்றாம் தேதி காலை அபிநயா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புதுத் துண்டு. மஞ்சள் கலர்.

“அக்கா, நான் உக்கார மாட்டேன்னுதான் சொன்னேன். உக்காந்தே ஆகணும்னுட்டாங்க.”

“உக்காரு. நல்லாத்தான் இருக்குது.”

நாற்காலி போனால் போகிறது, காலாவது என் பேருக்கு வரட்டும் என்று இருந்தது. கால் என்னுடையது ஆனால் டிகிரி வரும். டிகிரி வந்தால் கையில்லாத, துண்டில்லாத ஏதாவது ஒரு நாற்காலி கிடைக்காமலா போய்விடும்? விஷயத்தைச் சொன்னேன். ஒல்லிக் கல்லூரி வாட்ச்மேன் பக்கத்தில் சீலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது.

“ஐயோ அக்கா, இதுக்குப் போய் இவ்வளவு கெஞ்சணுமா? இப்பவே எழுதறேன்” என்றாள் அபிநயா. “கண்டிஷன் மட்டும் பாத்துடறேன்.”

நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்தாள். முதலில் ஸ்கேலால் தட்ட வேண்டும். பிறகு ஆட்டிப் பார்க்க வேண்டும். பிறகு பாரம் வைக்க வேண்டும். தட்டினாள். ஆட்டினாள். என் முழங்கால் மேல் மூன்று பெரிய ரிஜிஸ்டர்களை அடுக்கினாள்.

கால் அசையவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம். சனியன், அந்த ஒரு நிமிஷம் கொஞ்சம் நடுங்கித் தொலைத்திருக்கக் கூடாதா?

அபிநயா தரையில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“நல்லா இருக்குதேக்கா.”

“அபிநயா.”

“நல்லா இருக்கற சாமானக் கண்டம்னு எழுதுனா, நாளைக்கு ஆடிட்டுல யாரு பதில் சொல்றதுன்னு நீங்கதானக்கா கேப்பீங்க?”

கேட்டிருக்கிறேன். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், ஒரு பக்கெட்டுக்காக. அன்றைக்கு அவள் அழுதாள். நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

“ஆமா. நாந்தான் கேட்டேன்” என்றேன்.

அவள் நாற்காலிக்குத் திரும்பிப் போய் எழுதினாள். ‘117/3. நல்ல நிலையில் உள்ளது. தொடர்ந்து பயன்படுத்தலாம்.’ குண்டு குண்டான எழுத்து. அதுவும் என்னைப் பார்த்துப் பழகியதுதான்.

கல்லூரி சீலைப் பைக்குள் போட்டுக்கொண்டது. என்னைத் தாண்டிப் போய் மேஜை முன்னால் நின்றது. கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டது.

“மேம், எம்.காம். பண்ற ஐடியா இருக்குங்களா?”

“அப்புறம் பேசலாங்க” என்றாள் அபிநயா. ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினாள். “அக்கா, சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேணும்.”

பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தாள்.

நான் என் ஸ்டூலை இழுத்துப் போட்டு, வலது காலை ஊன்றி உட்கார்ந்தேன். கையில் மாவு இல்லை. ரிஜிஸ்டரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். இந்தத் தடவை முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.